ஒன்பது மார்க் வாங்கிய இரவும் இரண்டு மார்க் வாங்கிய இரவும்

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): எனக்கு வயது 36. பகல் முழுக்க வேலை, குழந்தை, வீடு. இரவு ஒன்பதுக்கு மேல் டிவிதான் என் ஓய்வு. சில மாதங்களாக, அன்றைக்குப் பார்த்த நிகழ்ச்சி எப்படியோ அப்படித்தான் என் மனநிலையும் இருக்கிறது. சந்தேகம் வந்து ஒரு வாரம் எழுதிவைத்தேன், ஒவ்வொரு இரவுக்கும் பத்துக்கு மார்க்கும் போட்டேன். திங்கள்: நகைச்சுவைத் தொடர், இரண்டு எபிசோடு, 7. செவ்வாய்: புதிய துப்பறியும் தொடர், நான்கு எபிசோடு ஒரே மூச்சில், படுக்கும்போது மணி 1.40, மார்க் 9. புதன்: மீதி நான்கையும் முடித்தேன், ஏனோ சப்பென்று இருந்தது, 4. வியாழன்: மருத்துவமனைத் தொடரில் எனக்குப் பிடித்த நர்ஸ் பாத்திரம் இறந்துவிட்டது, தேம்பித் தேம்பி அழுதேன், 2. வெள்ளி: பாட்டுப் போட்டியில் நன்றாகப் பாடிய பெண்ணை வெளியேற்றினார்கள், ஒரே கோபம், 3. சனி: ஏழு வருடமாகப் பார்த்த குடும்பத் தொடரின் கடைசி எபிசோடு, மகா ஏமாற்றம், 1. ஞாயிறு: என்ன பார்ப்பது என்று தேடியே முக்கால் மணி நேரம் போனது, நான்கு நிகழ்ச்சிகளைப் பத்துப் பத்து நிமிடம் பார்த்து விட்டுவிட்டேன், வெறுமை, 0. கணவர் "வெறும் கதைதானே, இதுக்கா இவ்வளவு" என்கிறார். இது ஏதாவது நோயா? டிவி பார்ப்பதையே நிறுத்திவிடட்டுமா?

பதில்:

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய மார்க் தாளை மூன்று முறை படித்தேன். மார்க்குக்குப் பக்கத்தில், ஓரமாக, மறுநாள் காலை எப்படி இருந்தது என்று சின்ன எழுத்தில் ஒவ்வொரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை ஏன் எழுதினீர்கள் என்று நீங்களே சொல்லவில்லை, ஆனால் எனக்கு உங்கள் கடிதத்திலேயே பெரிய உதவி அந்த வரிகள்தான். மூன்றாவது முறை படிக்கும்போது மார்க்கையெல்லாம் கையால் மறைத்துக்கொண்டு காலை வரிகளை மட்டும் படித்தேன். புதன் காலை: "தலை பாரம். ஷூ லேஸ் கட்டத் தெரியவில்லை என்று குழந்தையிடம் கத்தினேன்." வெள்ளிக் காலை: "நன்றாகத் தூங்கியிருக்கிறேன். முகம் வீங்கியிருந்தது, மனசு லேசாக இருந்தது."

ஒன்பது மார்க் வாங்கிய இரவுக்கு அடுத்த காலைதான் வாரத்திலேயே மோசமான காலை. இரண்டு மார்க் வாங்கிய இரவுக்கு அடுத்த காலைதான் வாரத்திலேயே நல்ல காலை. இதை நீங்கள் கவனித்தீர்களா?

முதலில் நோய் பற்றிய கேள்வியை முடித்துவிடுகிறேன், அது உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கிறது. இல்லை, இது நோயில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராவது பதிப்பில், கட்டுப்பாடில்லாமல் வீடியோ கேம் ஆடுவது தனிக் கோளாறாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது, டிவி பார்ப்பது அப்படிச் சேர்க்கப்படவில்லை. கதை பார்த்து அழுவதும் கோபப்படுவதும் எந்தப் பட்டியலிலும் வராது. பாத்திரத்துக்காக அழ முடிகிறவர்களைப் பார்த்து நான் கவலைப்பட்டதே கிடையாது.

சரி, செவ்வாய் இரவுக்கு வருவோம். நான்கு எபிசோடு ஏன் ஓடியது? கதை பிரமாதமாக இருந்ததால் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பாதி அதுதான். மீதிப் பாதி, எபிசோடை வெட்டியிருக்கும் இடம். துப்பறியும் தொடர் எழுதுகிறவர்கள் ஒரு எபிசோடின் கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு முடிச்சைப் போடுவார்கள், அடுத்த எபிசோடின் முதல் பத்து நிமிடத்துக்குள் பெரும்பாலும் அதை அவிழ்த்துவிட்டு, நடுவில் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்து, கடைசியில் மறுபடி இன்னொன்றைப் போடுவார்கள். அந்தத் தொழில் இன்று நேற்று வந்ததில்லை. 1980 மார்ச்சில் 'டாலஸ்' என்ற அமெரிக்கத் தொடரில் முக்கியப் பாத்திரத்தை யாரோ சுட்டுவிட்டதோடு சீசனை முடித்தார்கள், சுட்டது யார் என்று தெரிய ஜனங்கள் நவம்பர் வரை, எட்டு மாதம், காத்திருந்தார்கள். அந்த எட்டு மாதத்தில் எல்லோரும் தூங்கினார்கள், வேலைக்குப் போனார்கள், யார் சுட்டிருப்பார் என்று ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுக்கொண்டார்கள். உங்களுக்குக் கிடைத்த இடைவெளி சில வினாடி. திரையின் மூலையில் சின்ன வட்டம் ஒன்று நிரம்பிக்கொண்டே வரும், ரிமோட் போர்வைக்குள் எங்கேயோ இருக்கும், கையை விட்டுத் துழாவுவதற்குள் அடுத்த எபிசோடின் முதல் காட்சி வந்துவிடும், சரி இதை மட்டும் பார்த்துவிடலாம் என்று கையை வெளியே எடுத்துவிடுவீர்கள். இந்த இடத்தில் மன உறுதி இல்லை என்று உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் சில வினாடியில் முடிவெடு என்றால் முடிவெடுக்காமல் இருப்பதுதான் நடக்கும்.

இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, அடுத்த எபிசோடைத் தானாக ஓடவிடும் ஆட்டோபிளேயை செட்டிங்ஸில் போய் நிறுத்திவிடுங்கள், பெரும்பாலான ஓடிடிகளில் அந்த வசதி இருக்கிறது, அதைப் பகலில் செய்யுங்கள். இரண்டாவதுதான் முக்கியம், கேட்க விசித்திரமாக இருக்கும்: எபிசோடு முடியும் இடத்தில் நிறுத்தாதீர்கள், நடுவில் நிறுத்துங்கள். அடுத்த எபிசோடைத் தொடங்கி, முந்தைய முடிச்சு அவிழ்ந்து, கதை கொஞ்சம் சமதளத்தில் நடக்கும் இடம் வரும், பன்னிரண்டாவது பதினைந்தாவது நிமிடம் வாக்கில், யாராவது கார் ஓட்டிக்கொண்டு போவார்கள், ஏதாவது கோப்பைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள், அங்கே அணையுங்கள். என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்கள் பலருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன், முதல் இரண்டு நாள் ஏதோ குற்றம் செய்வது போல இருக்கிறது என்பார்கள், மூன்றாவது நாள் பழகிவிடும். முடிச்சோடு படுக்கையில் விழுவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. 2017இல் 18 முதல் 25 வயது வரையிலான 423 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், தொடர்ச்சியாக எபிசோடு பார்க்கிறவர்களுக்குத் தூக்கத்தின் தரம் குறைவாக இருந்தது, அதற்கு முக்கியக் காரணமாகத் தெரிந்தது படுத்த பிறகும் மூளை ஓய்வெடுக்காமல் விழித்துக்கொண்டிருப்பது. நீங்கள் 1.40க்குப் படுத்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், எப்போது தூங்கினீர்கள் என்று எழுதவில்லை. இரண்டரை ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

புதன்கிழமை ஏன் சப்பென்று இருந்தது என்பதற்கும் இதுதான் விடை. தொடர் கெட்டுப்போகவில்லை, நீங்கள் களைத்துப்போயிருந்தீர்கள். மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே தொடரைச் சிலருக்கு வாரம் ஒரு எபிசோடாகவும் சிலருக்கு நாள் ஒன்றாகவும் சிலருக்கு ஒரே அமர்வில் முழுதாகவும் காட்டிப் பார்த்தார்கள், 2017இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே மூச்சில் பார்த்தவர்களுக்கு மறுநாள் கதை நன்றாக ஞாபகம் இருந்தது, ஆனால் 140 நாள் கழித்துக் கேட்டபோது அவர்களுடைய ஞாபகம்தான் அதிகம் சரிந்திருந்தது, தொடரைக் குறைவாக ரசித்ததும் அவர்கள்தான். சின்னக் குழு, ஒரு தொடர், அதனால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உங்களுக்கு அந்தத் துப்பறியும் தொடரில் கொலைகாரன் ஏன் கொன்றான் என்பது இப்போது நினைவிருக்கிறதா? ஏழு வருடத் தொடரில் பக்கத்து வீட்டுக் கிழவருடைய நாயின் பெயர்கூட உங்களுக்குத் தெரியும், கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது வியாழன். இதைப் பற்றித்தான் அதிகம் பேச ஆசைப்படுகிறேன், ஏனென்றால் உங்கள் கணவருக்கும் இதில் பதில் இருக்கிறது.

அந்த நர்ஸ் பாத்திரத்தை நான்கு சீசனாக, வாரத்துக்கு ஒருமுறையாவது, உங்கள் வீட்டுக் கூடத்தில், இரவு விளக்கில், பார்த்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். சொந்தக்காரர்கள் பலரைவிட அதிக மணி நேரம் அவர் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். 1956இலேயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் டிவியில் வருகிறவர்களோடு பார்வையாளர்களுக்கு உண்டாகும் இந்த ஒருதலை நெருக்கத்தைப் பற்றி எழுதிவிட்டார்கள். அந்தப் பக்கம் இருப்பவருக்கு நம்மைத் தெரியாது, அது கதை என்று நமக்கும் தெரியும், ஆனாலும் பழக்கம் பழக்கம்தான். தெரிந்த முகம் ஒன்று இனி வராது என்றால் உடம்பு அதற்குத் துக்கம் காட்டத்தான் செய்யும், இது கதை அழாதே என்று மூளை சொன்னாலும் தொண்டை கேட்காது.

எனக்கே நடந்திருக்கிறது. ஒரு தொடர் முடிந்து பல வாரம், அதில் துணைப் பாத்திரமாக வந்த ஒரு வயதான பெண்மணியை நினைத்துக்கொண்டே இருந்தேன். கதையில் அவருக்குப் பெரிதாக வேலையே கிடையாது. ஏன் இவர் என்று புரியாமல் ஒருநாள் ஒரு காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் ஒரு பக்கக் கண்ணாடியை மட்டும் துடைத்து, இன்னொரு பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு மாட்டிக்கொள்வார். என் அம்மா அப்படித்தான் செய்வார். அம்மா போய் அப்போது இரண்டு வருடம், அன்றைக்குத்தான் நான் சரியாக அழுதேன். அதனால் "வெறும் கதைதானே" என்று யார் சொன்னாலும் எனக்கு ஒப்புக்கொள்ள வராது. உங்கள் கணவரிடம் வாதாட வேண்டாம். அந்த நர்ஸ் பாத்திரத்தில் உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று ஒருநாள் சாவகாசமாகச் சொல்லிப் பாருங்கள், அதைச் சொல்லும்போது நீங்கள் யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பது உங்களுக்கே புதிதாகத் தெரியலாம்.

அப்புறம் அன்றைக்கு இரவு நீங்கள் செய்ததைப் பாருங்கள். எபிசோடு முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு அக்காவுக்குப் போன் போட்டீர்கள், அவரும் பார்த்துவிட்டு அழுதுகொண்டிருந்தார், இருவரும் அழுது, நடுவில் அந்த நர்ஸ் முதல் சீசனில் டாக்டரைத் திட்டிய வசனத்தைச் சொல்லிச் சிரித்து, பத்தரைக்குப் படுத்துவிட்டீர்கள். அழுகை ஆரம்பித்தது, ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது, முடிந்தது. ஒரு மனநல ஆலோசகராக நான் ஏதாவது சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் இதைத்தான் சொல்லிக்கொடுத்திருப்பேன், நீங்களாகவே செய்திருக்கிறீர்கள், செய்துவிட்டு அதற்கு இரண்டு மார்க் போட்டிருக்கிறீர்கள்!

வெள்ளிக்கிழமைக் கோபத்தில் நிகழ்ச்சியின் பங்கு குறைவு. அந்தப் பெண் வெளியேறியபோது உங்களுக்கு வந்த கோபம் நியாயமானது, பத்து நிமிடத்தில் அடங்கியிருக்கும். நீங்கள் அதற்குப் பிறகு ஒன்றேகால் மணி நேரம் போனில் மற்றவர்கள் எழுதியதைப் படித்திருக்கிறீர்கள், அவள் பாடியதே சரியில்லை என்று எழுதியவர்களுக்குப் பதிலும் போட்டிருக்கிறீர்கள். மூன்று மார்க் அந்தப் போனுக்கு. எலிமினேஷன் நாளில் போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள், இதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

சனிக்கிழமை ஏமாற்றம் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "ஏழு வருஷம் வீண்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது அப்படித் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது. டேனியல் கானமன் என்ற உளவியலாளர், பின்னால் 2002இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர், 1993இல் சகாக்களோடு ஒரு சோதனையை வெளியிட்டார். ஆட்களை 14 டிகிரி குளிர் நீரில் 60 வினாடி கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 வினாடி, அதற்குமேல் கையை எடுக்காமல் இன்னும் 30 வினாடி, அந்த 30 வினாடியில் மட்டும் நீரை மெதுவாக 15 டிகிரிக்குக் கொண்டுவந்தார்கள். எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டதற்குப் பெரும்பாலானவர்கள் நீளமானதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். வலித்த நேரம் அதிகம், ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது, அது போதுமாக இருந்தது. நம் ஞாபகம் ஒரு அனுபவத்தின் உச்சத்தையும் முடிவையும் பிடித்துக்கொண்டு நடுவில் போன நேரத்தைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. உங்கள் விஷயத்தில் இது தலைகீழாக நடந்திருக்கிறது. ஏழு வருடம் நன்றாக இருந்தது, கடைசி ஐம்பது நிமிடம் கசந்தது, ஞாபகம் கடைசி ஐம்பது நிமிடத்தை எடுத்து மொத்தத்துக்கும் பூசிவிட்டது. ஆனால் உங்கள் கர்ப்பகாலத்தில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு பார்த்த அந்த இரண்டாவது சீசன் நடந்தது நடந்ததுதான், எந்தக் கதாசிரியராலும் அதைத் திரும்பப் பிடுங்க முடியாது. முடிவு மோசம் என்று தாராளமாகச் சொல்லுங்கள், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கும் மோசமாகத்தான் தெரிகிறது, மகளைக் கடைசிவரை ஊருக்கே வரவிடாமல் முடித்தது அநியாயம்.

ஞாயிற்றுக்கிழமைப் பூஜ்யத்துக்கு வருகிறேன். ராபர்ட் கூபி, மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்ற ஆய்வாளர்கள் ஆட்களிடம் பேஜர் என்ற சின்ன ஒலிக்கருவியைக் கொடுத்து, நாளில் பலமுறை அதை ஒலிக்கவிட்டு, அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள், எப்படி உணர்கிறார்கள் என்று எழுதவைத்தார்கள். டிவி பார்க்கும்போது உடம்பு தளர்ந்து நிம்மதியாக இருந்தது. அணைத்ததும் நிம்மதி போய்விட்டது, மந்தம் மட்டும் தங்கியது. அதிக நேரம் பார்க்கப் பார்க்கத் திருப்தியும் குறைந்துகொண்டே போனதாகச் சொன்னார்கள். அணைத்தால் நிம்மதி போகும் என்று உடம்புக்குத் தெரியும், அதனால்தான் ஒன்றும் பிடிக்காமலும் நீங்கள் தேடிக்கொண்டே உட்கார்ந்திருந்தீர்கள். அன்றைக்கு உங்களுக்கு வேண்டியிருந்தது நிகழ்ச்சியே இல்லை. முந்தைய நாள் ஏழு வருடத் தொடர் ஒன்றை இழந்திருந்தீர்கள், ஆறு இரவில் மூன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. ஒரு நீண்ட தொடர் முடிந்தால் மறுநாளே அந்த இடத்தை இன்னொன்றால் நிரப்பப் பார்க்காதீர்கள், எதுவும் பொருந்தாது. இரண்டு நாள் விடுங்கள், அல்லது திங்கள் பார்த்த மாதிரி பழகிய நகைச்சுவையை ஒன்று பார்த்துவிட்டுப் படுங்கள். மற்ற நாட்களிலும் உட்காருவதற்கு முன்னாலேயே, பகலிலேயே, இன்றைக்கு இது என்று தீர்மானித்துவிடுங்கள், இரவு ஒன்பது மணி மூளையிடம் தேர்வை விடாதீர்கள்.

நிறுத்திவிடட்டுமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம். நாள் முழுக்க மற்றவர்களுக்காக ஓடுகிற ஒருவருக்கு இருக்கும் ஒரே ஓய்வையும் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் வைக்க என்னிடம் ஒன்றுமில்லை. உங்கள் கடிதத்தில் "வெட்டியாக", "சோம்பேறித்தனமாக" என்ற வார்த்தைகள் ஐந்து இடத்தில் வருகின்றன. களைத்துப்போனவர்கள்தான் டிவி பார்ப்பதை வேலையைத் தள்ளிப்போடுவதாக நினைத்து அதிகம் குற்ற உணர்ச்சி கொள்கிறார்கள், அந்தக் குற்ற உணர்ச்சியால் ஓய்வெடுத்த பலன் அவர்களுக்குக் கிடைப்பதில்லை என்று 2014இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது, என் அனுபவத்திலும் அப்படித்தான். திட்டிக்கொண்டே பார்க்கும் ஒரு மணி நேரம் ஓய்விலும் சேராது வேலையிலும் சேராது. பார்க்கிற நேரத்தில் பாருங்கள்.

ஒன்று மட்டும் கவனமாக இருங்கள். பிடித்த நிகழ்ச்சியே பிடிக்காமல் போவது, வியாழக்கிழமை மாதிரி அழ முடியாமல் எல்லாமே ஞாயிற்றுக்கிழமை மாதிரி ஆவது, அதோடு பசி, தூக்கம், வேலை, குழந்தையோடு இருப்பது எதிலும் மனம் ஒட்டாமல் இருப்பது, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் நேரில் ஒரு மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். அப்போது பேச வேண்டியது டிவியைப் பற்றியதாக இருக்காது. இந்தத் தாளை வைத்துப் பார்த்தால் நீங்கள் அங்கே இல்லை.

அடுத்த வாரமும் எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். எழுதுங்கள், ஆனால் மார்க்கை இரவில் போடாமல் மறுநாள் காலை பல் தேய்த்த பிறகு போடுங்கள்.

கடிதத்தின் கடைசியில், கேள்வியாகக்கூட இல்லாமல், அந்தக் குடும்பத் தொடரை முதலிலிருந்து மறுபடி பார்க்கலாமா என்று தோன்றுகிறது, பைத்தியக்காரத்தனம் என்று எழுதி அடித்துவிட்டிருக்கிறீர்கள். அடித்ததையும் படித்துவிட்டேன், மன்னியுங்கள். பாருங்கள், ஆனால் முதலிலிருந்து வேண்டாம். மூன்றாவது சீசனில் மின்சாரம் போன இரவில் அண்ணனும் தங்கையும் மாடிப்படியில் உட்கார்ந்து விடியும்வரை பேசிக்கொண்டே இருப்பார்கள் என்று ஒரு எபிசோடைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்களே, அதைப் போடுங்கள். அது மட்டும். அக்காவும் அவர் வீட்டில் அதே நேரத்துக்குப் போடட்டும்.